கூரையின் நிறம் படிக்கும் வேலை: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புயல் கரை கடந்த மறுநாள் மாவட்ட நிர்வாகத்துக்கு முதலில் தேவைப்படுவது ஒரு கணக்கு. பாதிக்கப்பட்ட ஊர்களில் ஓலை வீடு எத்தனை, ஓட்டு வீடு எத்தனை, ஷீட் போட்டது எத்தனை, மாடி வீடு எத்தனை? தெருத்தெருவாகப் போய் எண்ணினால் நாள்கணக்கில் ஆகும். செயற்கைக்கோள் படத்தில் கூரைகளை அடையாளம் கண்டு இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்தால், எந்த ஊருக்கு எத்தனை தார்பாய் அனுப்புவது என்று அன்று மாலையே முடிவெடுக்கலாம். அந்தக் கணக்கைப் போடுபவர்களுக்கு வேலை இருக்கிறது. இனியும் கூடும்.

இந்த வேலையில் நிறம்தான் முதல் தடயம். பழகாதவர்கள் அந்தத் தடயத்தோடு நின்றுவிடுவார்கள். வடிவம், நிழல், அக்கம்பக்கம், கண்ணுக்குத் தெரியாத அலைவரிசை என்று மேலும் நான்கு கேள்வி கேட்டு, அதன் பிறகே கூரைக்குப் பெயர் வைக்கக் கற்றவருக்குத்தான் அலுவலகத்தில் மதிப்பு. அதைக் கற்கும் வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

யார் கேட்கிறார்கள்?

கூரை என்ன பொருளால் ஆனது என்பதை நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே ஒரு கேள்வியாக வைத்திருக்கிறது. ஓலை, ஓடு, ஷீட், கான்கிரீட் என்று வகை பிரித்துக் கேட்கிறார்கள். காரணம் எளிது: ஒரு குடும்பத்தின் நிலைமையைக் கூரை ஓரளவு சொல்லிவிடும்.

கென்யாவில் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் கிவ்டைரக்ட்லி அமைப்பு, புல் வேய்ந்த கூரையா தகரக் கூரையா என்பதை ஓர் அளவுகோலாக வைத்திருந்தது. அதைச் செயற்கைக்கோள் படத்தில் கணினியைக் கொண்டே பிரித்தறியும் ஆய்வு 2014-ல் வெளிவந்தது. 2019-ல் உலக வங்கியும் வீரோபாட்டிக்ஸ் அமைப்பும் சேர்ந்து கொலம்பியா, குவாத்தமாலா, செயின்ட் லூசியா ஆகிய நாடுகளின் டிரோன் படங்களை வைத்து ஒரு போட்டி நடத்தின. கான்கிரீட், நல்ல தகரம், ஒட்டுப்போட்ட தகரம், கட்டி முடிக்காதது, மற்றவை என்று ஐந்து வகையாகக் கூரைகளைப் பிரிக்க வேண்டும். நிலநடுக்கத்திலும் புயலிலும் எந்த வீடு தாங்காது என்பதை முன்கூட்டியே அறிவதுதான் நோக்கம். இந்தியாவில் சீட்ஸ் தொண்டு நிறுவனம் மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து உருவாக்கிய ‘சன்னி லைவ்ஸ்’ திட்டமும் கூரை வகையை வைத்தே வீட்டின் ஆபத்தைக் கணிக்கிறது.

பேரிடரோடு இது முடிவதில்லை. சொத்து வரிக்கான வரைபடம், மாடியில் சூரிய மின்தகடு வைக்க இடம் கணக்கிடுவது, வெயில் தணிப்புத் திட்டம் என்று பட்டியல் நீள்கிறது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கையையே கொண்டு வந்தது. எத்தனை மாடிகள் வெள்ளையாக மாறின என்று பார்க்க மேலிருந்து எடுத்த படத்தைவிட வசதியான வழி இல்லை. வரைபடத் தரவுகள் மீதான கட்டுப்பாடுகளை மத்திய அரசு 2021 பிப்ரவரியில் தளர்த்தியது. 2022-ல் தேசிய புவிசார் கொள்கையும் வந்தது. அதன் பிறகு தனியார் நிறுவனங்களுக்கும் இந்தத் துறையில் கதவு திறந்திருக்கிறது.

முதலில் படத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

வேலைக்கு உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது எந்தச் செயற்கைக்கோள், ஒரு பிக்சல் தரையில் எவ்வளவு?

600 சதுர அடி வீட்டை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 56 சதுர மீட்டர். சென்டினல்-2 படத்தில் ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். நம் வீடு அதில் பாதிதான். கூரையும் முற்றமும் வேப்பமரமும் கலந்த ஒரே நிறமாக அது தெரியும். இந்தப் படத்தில் தொழிற்பேட்டைக் கொட்டகைகளைப் பார்க்கலாம். தனி வீடுகளைப் பார்க்க முடியாது.

வேர்ல்ட்வியூ-3 போன்ற வணிகச் செயற்கைக்கோளில் கறுப்பு வெள்ளைப் படம் 31 சென்டிமீட்டர் நுணுக்கத்தில் வரும். வண்ணப் படமோ 1.24 மீட்டரில்தான் வரும். இரண்டையும் கலந்துதான் நமக்குத் தெளிவான வண்ணப் படமாகத் தருகிறார்கள். அதே வீட்டுக்குக் கணக்குப் போட்டால், வடிவத்துக்கு ஏறத்தாழ 580 பிக்சல் கிடைக்கிறது. நிறத்துக்குக் கிடைப்பது 36 மட்டுமே. அதனால்தான் கூரையின் ஓரத்தில் பக்கத்து வீட்டு நிறம் கசிந்திருக்கும். நிறத்தை எப்போதும் கூரையின் நடுவில் பாருங்கள். ஓரத்து நிறத்தை நம்ப வேண்டாம். இஸ்ரோ 2019 நவம்பரில் ஏவிய கார்ட்டோசாட்-3 படத்துக்கும் இதே விதிதான்.

இஸ்ரோவின் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளில் உள்ள லிஸ்-4 கருவியின் படம் கொடுத்தால் இன்னொரு எச்சரிக்கை. அதில் பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு என்று மூன்று அலைவரிசைகள்தான். நீலம் கிடையாது. இல்லாத நீலத்தைக் கணக்குப் போட்டுச் சேர்த்து இயல்பான வண்ணம் போலக் காட்டும் படங்கள் உண்டு. அதில் நீல ஷீட்டைத் தேடாதீர்கள். அகச்சிவப்பைச் சிவப்பாகக் காட்டும் ஃபால்ஸ் கலர் படத்தில் மரம்தான் சிவப்பாக இருக்கும். சிவப்பு ஓடு மஞ்சள் சாய்ந்து தெரியும். புதிதாகச் சேர்பவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான்.

நிறம் நிறமாகப் பார்ப்போம்

சிவப்பு: சீமை ஓடு, நாட்டு ஓடு இரண்டும் சிவப்பு அல்லது கருஞ்சிவப்பு. ஆனால் நம் ஊரில் கான்கிரீட் மாடியிலும் வெயிலுக்காகத் தட்டோடு பதிக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் அதுவும் சிவப்பு. சென்னையிலோ மதுரையிலோ பழைய குடியிருப்பு ஒன்றில் சிவப்பையெல்லாம் ஓட்டு வீடு என்று குறித்தால் கணக்கு மொத்தமும் கெட்டுவிடும். உச்சியில் நடுக்கோடு ஓடி, இரு பக்கமும் சரிவு இருந்தால் ஓட்டு வீடு. சமதளமாக, ஓரத்தில் கைப்பிடிச் சுவரின் மெல்லிய நிழலும், மூலையில் சின்டெக்ஸ் தொட்டியின் கறுப்புப் புள்ளியும், மாடிப்படி அறையின் சிறு கட்டமும் தெரிந்தால் அது மொட்டை மாடி.

சிவப்பில் இன்னும் இரண்டு சிக்கல் உண்டு. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மண்ணுக்குச் சிவப்பு கொடுப்பது இரும்பு ஆக்சைடு. ஓட்டுக்கும் அதுதான். துருப்பிடித்த தகரத்துக்கும் அதுதான். மூன்றும் நிறத்தில் உறவுக்காரர்கள். மண் எனில் ஓரம் ஒழுங்காக இருக்காது, நிழல் விழாது. துருத் தகரம் எனில் நிறம் திட்டுத்திட்டாக இருக்கும், பழைய தகரத்தின் பளபளப்பு இடையிடையே எட்டிப் பார்க்கும்.

சாம்பல்: ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் சிமென்ட் ஷீட்டும் கான்கிரீட்டும் புதிதில் வெளிர் சாம்பல். நாலு மழைக்காலம் போனால் இரண்டிலும் பாசி பிடித்துக் கறுத்துவிடும். நிறத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். தொட்டி, கைப்பிடிச் சுவர், படி அறை இருந்தால் கான்கிரீட். ஒருபக்கச் சரிவும் மொட்டையான ஓரமும் இருந்தால் பெரும்பாலும் ஷீட். ஷீட்டின் மேடுபள்ளம் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். அந்த அலைகளின் இடைவெளி சுமார் 15 சென்டிமீட்டர்தான். 30 சென்டிமீட்டர் படத்தில் அது தெரியாது. டிரோன் படத்தில் தெரியும்.

வெள்ளை: சுண்ணாம்போ குளிர்ச்சிப் பெயின்டோ அடித்த மாடி வெள்ளை. வெயில் பட்டு மின்னும் புதுத் தகரமும் வெள்ளை. இங்கே ஒரே இடத்தின் இரண்டு தேதிப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பெயின்ட் அடித்த மாடி இரண்டிலும் வெள்ளையாகவே இருக்கும். தகரமோ சூரியனும் செயற்கைக்கோளும் நிற்கும் கோணத்தைப் பொறுத்து ஒன்றில் மின்னும், இன்னொன்றில் மங்கும்.

நீலம்: வண்ணப் பூச்சுள்ள ஷீட் என்றால் ஓரம் நேர்க்கோடாக, நிறம் ஒரே சீராக இருக்கும். பட்டறை, கிடங்கு, வாகன நிறுத்தக் கொட்டகை போன்ற பெரிய கட்டடங்களில் அதிகம். தார்பாய் என்றால் ஓரம் கோணலாக, கூரையின் ஒரு பகுதியை மட்டும் மூடியிருக்கும். அமெரிக்காவில் சூறாவளிக்குப் பின் ராணுவப் பொறியாளர் படை சேதமான கூரைகளுக்கு நீலத் தாள் போர்த்தித் தருகிறது. அந்த நீலத்தை எண்ணியே எந்தப் பகுதி இன்னும் மீளவில்லை என்று மதிப்பிடுகிறார்கள். ஆக, நீலம் ஓரிடத்தில் தொழிலின் அடையாளம், இன்னோரிடத்தில் இழப்பின் அடையாளம். நீச்சல் குளமும் நீலம்தான். ஆனால் தண்ணீர் அண்மை அகச்சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அந்த அலைவரிசையில் கறுப்பாகத் தெரிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பச்சை: பச்சை ஷீட், மாடித் தோட்டம், கிரீன் நெட் கட்டிய பந்தல் மூன்றும் கண்ணுக்குப் பச்சை. உயிருள்ள இலை அண்மை அகச்சிவப்பை வலுவாகத் திருப்பி அனுப்பும். பெயின்ட் பெரும்பாலும் அப்படிச் செய்யாது. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் தாவரக் குறியீட்டை நம் துறையில் என்டிவிஐ என்பார்கள். இலைக்கு அது உயரும், ஷீட்டுக்குத் தாழ்ந்தே இருக்கும். ஆனால் கிராமத்தில் சுரைக்கொடியும் பூசணிக்கொடியும் குடிசை மேல் படர்ந்திருக்கும். அப்போது குறியீடு செடி என்று சொல்லும், அடியில் ஒரு குடும்பம் இருக்கும். செடி கொடியையெல்லாம் கழித்துவிட்டு வீடு தேடும் அவசரக்காரர்கள் தவறவிடுவது இந்த வீடுகளைத்தான்.

பழுப்பு: புதிதாக வேய்ந்த கீற்று வெளிர் பழுப்பு. வெயிலும் மழையும் பட்டால் சாம்பல் ஏறிவிடும். ஓரம் மசமசப்பாக இருக்கும், அளவு சிறியது, பெரும்பாலும் மரத்தடியில். வைக்கோல் போரும் அதே நிறம். பக்கத்தில் நடைபாதைத் தடம் வாசலுக்கு வருகிறதா என்று பாருங்கள். போருக்கு வாசல் இல்லை.

ஒரே கூரை, இரண்டு நிறம்

தரையைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் உள்ளூர் நேரம் காலை பத்தரை மணியை ஒட்டியே ஒரு இடத்தைக் கடக்கின்றன. சூரியன் அப்போது கிழக்கே. அதனால் ஓட்டு வீட்டின் கிழக்குச் சரிவு ஒளிர்ந்தும், மேற்குச் சரிவு இருண்டும் தெரியும். நிறத்தை மட்டும் பார்க்கும் மென்பொருள் இதை இரண்டு கட்டடமாக வெட்டிவிடும். இரண்டு பாதிகளும் ஒரு நேர்க்கோட்டில் முட்டி நின்றால், அந்தக் கோடு உச்சிக்கோடா என்று பார்த்துச் சேர்த்துவிடுங்கள். வரைவதற்கு முன் படம் எடுத்த நேரத்தையும் சூரியக் கோணத்தையும் தகவல் கோப்பில் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

செயற்கைக்கோள் சாய்ந்து எடுத்த படத்தில் உயரமான கட்டடங்கள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சுவரின் நிறமும் கூரையின் நிறமும் ஒட்டிக்கொண்டு தெரியும். கூரையைத்தான் வரைகிறோமா, தரையில் நிற்கும் அடிப்பகுதியையா என்று வேலை தொடங்கும் முன்னரே மேலாளரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது

சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களை வைத்து எல்லை வகுத்தால் நிழலில் எல்லாம் குழம்பும். நிறச்சாயல், அடர்த்தி, ஒளிர்வு என்று பிரிக்கும் எச்எஸ்வி முறைக்கு மாற்றுங்கள். நிழலில் ஒளிர்வு நன்றாகக் குறைந்தாலும், நிறச்சாயல் அந்த அளவுக்கு மாறாது.

பைத்தானில் ஓப்பன்சிவி கொண்டு செய்பவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. அதில் நிறச்சாயல் 0 முதல் 179 வரை ஓடும் ஒரு வட்டம். நீலம் 120-ஐ ஒட்டி இருக்கும். சிவப்போ வட்டம் மூடும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 0 முதல் 10 வரை ஒரு பாதி, 170 முதல் 179 வரை மறு பாதி. ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்தால் ஓட்டு வீடுகளில் ஒரு பகுதி காணாமல் போகும். இரண்டையும் எடுத்துச் சேர்க்க வேண்டும். அடுத்தது, சாம்பலுக்கு நிறச்சாயல் என்று ஒன்று உருப்படியாகக் கிடையாது. அடர்த்தி குறைந்த பிக்சல்களை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதிக்கு மட்டும் நிறச்சாயல் பாருங்கள்.

திரையிலிருந்து வெட்டி எடுத்த படத்திலும் ஜேபெக் கோப்பிலும் நிறத்தை அளக்காதீர்கள். ஜேபெக் முறை கோப்பைச் சுருக்கும்போது வழக்கமாக நிறத் தகவலைத்தான் முதலில் குறைக்கும். பல தேதிப் படங்களை ஒட்டி, பார்வைக்கு அழகாக நிறம் சமன்செய்த வரைபடங்களும் அளவீட்டுக்கு உதவாது.

ஆழ்கற்றல் முறைகள் வந்துவிட்டனவே, இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். செயற்கைக்கோள் படத்தில் கட்டடங்களைக் கணினியே கண்டறிய வேண்டிய ஸ்பேஸ்நெட் போட்டியின் இரண்டாம் சுற்றில் லாஸ் வேகாஸ், பாரிஸ், ஷாங்காய், கார்ட்டூம் ஆகிய நான்கு நகரங்களின் படங்களைக் கொடுத்தார்கள். வென்ற முறை வேகாஸில் நன்றாகவே தேறியது. கார்ட்டூமில்தான் மிகவும் தடுமாறியது. நெருக்கமான கட்டடங்கள், மண்ணிலிருந்து நிறம் பெரிதாக விலகாத கூரைகள் என்றால் கணினிக்கும் கஷ்டம்தான். கணினிக்கு மாதிரிகளைக் குறித்துக்கொடுப்பது மனிதர். நம் ஊர் தட்டோட்டையும் சீமை ஓட்டையும் பிரித்துக் குறிக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் எந்த மாடலும் அதைத் தானாகக் கற்காது.

வேலை மேஜையில் ஐந்து பழக்கங்கள்

1. தொடங்கும் முன் ஒரு வகைக் கையேடு தயாரியுங்கள். ஒவ்வொரு கூரை வகைக்கும் அந்தப் படத்திலிருந்தே சில மாதிரிகள், எதோடு குழம்பும் என்ற குறிப்பு, எப்படித் தீர்ப்பது என்ற விதி. குழுவில் பத்துப் பேரும் ஒரே மாதிரி முடிவெடுக்க இதுதான் வழி.

2. ‘தெரியவில்லை’ என்று ஒரு வகையைக் கட்டாயம் வையுங்கள். ஊகித்து நிரப்பியதைப் பின்னால் யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

3. மொத்தத் துல்லியத்தை மட்டும் காட்டித் திருப்திப்படாதீர்கள். 1,000 கூரையில் 900 கான்கிரீட் என்றால், எல்லாமே கான்கிரீட் என்று சொன்னாலும் 90 சதவீதம் வந்துவிடும். ஒரு குடிசைகூட அகப்பட்டிருக்காது. வகைவாரியான பிழை அட்டவணையைத் தாருங்கள்.

4. களத்தில் சரிபாருங்கள். போக முடியாவிட்டால் உள்ளூர் ஆள் ஒருவரிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். அந்த ஊரில் எந்த ஷீட் வாங்குகிறார்கள், எப்போது கீற்று மாற்றுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

5. படத்தின் உரிமத்தைப் படியுங்கள். தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் கூகுள் படத்தைப் பார்த்து வரைவதற்கு அனுமதி இல்லை. நிறுவன வேலையிலும் இப்படிப்பட்ட தவறு பெரிய சிக்கலாகும்.

எங்கே கற்பது, எதைக் காட்டுவது?

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பொறியியல் பட்டப்படிப்பும் உண்டு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் தொலையுணர்வுத் துறை உண்டு. டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் இலவசக் குறுகிய காலப் படிப்புகளை நடத்துகிறது. புவியியல், சிவில், கணினி, வேளாண்மை என எந்தப் பட்டதாரியும் இதில் தொடங்கலாம்.

மென்பொருளுக்குப் பணம் தேவையில்லை. க்யூஜிஐஎஸ் இலவசம். சென்டினல், லேண்ட்சாட் படங்கள் இலவசம். இஸ்ரோவின் புவன் தளத்தில் நம் நாட்டுப் படங்களைப் பார்க்கலாம். கூகுளின் ஓப்பன் பில்டிங்ஸ் தரவில் இந்தியக் கட்டடங்களின் எல்லைக்கோடுகள் கிடைக்கின்றன. அவற்றை எடுத்துக் கூரை வகையை மட்டும் நீங்கள் சேர்க்கலாம்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது சான்றிதழோடு ஒரு சிறு வேலையையும் கொண்டு போங்கள். உங்கள் ஊரின் ஒரு வார்டு, சில நூறு கூரைகள், ஐந்து வகை, வகைவாரிப் பிழை அட்டவணை, தவறு எங்கே வந்தது ஏன் வந்தது என்று இரண்டு பக்கம். அதைப் படிக்கும் மேலாளருக்கு நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். கோடு வரையும் பணியில் சேர்ந்து, தரச் சோதனை, பகுப்பாய்வு, திட்டப் பொறுப்பு என்று உயர்வதற்கு இந்த யோசனைதான் துணை.

கூரைக்குக் கீழே

நாம் குறிக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே ஒரு வீடு. குடிசை என்று குறித்தது உதவித்தொகையாகவும் போகலாம், வெளியேற்றும் நோட்டீஸாகவும் போகலாம். தரவு யாருக்கு, எதற்கு என்று கேட்பது உங்கள் உரிமை. தனி வீட்டளவில் தகவலை வெளியிடத் தேவையில்லாத இடத்தில் தெருவளவில், வார்டளவில் தொகுத்துக் கொடுங்கள். தகரம் போட்டவர் எல்லாம் வசதியானவர், ஓடு போட்டவர் எல்லாம் ஏழை என்ற முடிவுக்கும் தாவாதீர்கள். கூரை ஒரு குறிப்பு மட்டுமே. குடும்பத்தைப் பற்றி முடிவெடுக்க நேரில்தான் விசாரிக்க வேண்டும்.

இந்த வாரமே தொடங்குங்கள். க்யூஜிஐஎஸ்ஸில் உங்கள் தெருவைத் திறந்து, இருபது கூரைகளுக்கு வகை குறியுங்கள். பிறகு எழுந்து வெளியே போய், உயரமான ஒரு மாடியில் அனுமதி கேட்டு ஏறி, இருபதையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எது தவறியது என்று எழுதி வையுங்கள். அந்தத் தவறுகளின் பட்டியல்தான் உங்கள் முதல் வகைக் கையேடு.